ஜெர்மனியில் பரிமாற்ற மாணவராக ஒரு செமஸ்டர்: சாவி வாங்குவதிலிருந்து சாவியை ஒப்படைப்பது வரை

முழுப் பட்டப்படிப்புக்காக ஜெர்மனிக்கு வருபவர் முதல் செமஸ்டரில் தடுமாறினால் அடுத்த செமஸ்டரில் ஈடுகட்டிக்கொள்ளலாம். பரிமாற்ற மாணவருக்கு அந்த வசதி இல்லை. குளிர்கால செமஸ்டர் ஏட்டளவில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை ஆறு மாதம் என்றாலும், பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்துவிடும். இடையில் கிறிஸ்துமஸ் விடுமுறை ஏறத்தாழ இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, வகுப்பு என்று கையில் இருப்பது 15 வாரத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். அதில் முதல் ஐந்தாறு வாரத்தை அலுவலக வாசல்களில் தொலைத்துவிட்டு, நவம்பர் கடைசியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன். நாங்கள் யாரும் சோம்பி இருக்கவில்லை. எந்தக் காகிதம் எந்தக் காகிதத்துக்குத் தாய் என்று தெரியாமல் வரிசை மாற்றி ஓடினோம், அவ்வளவுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் வேகத்தைவிட வரிசைக்கே முதலிடம் தந்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

முதல் வேலை தங்குமிடம். சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும். விசா வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. மாணவர் விடுதிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது பல்கலைக்கழகம் அன்று, ஷ்டுடீரெண்டன்வெர்க் என்னும் தனி அமைப்பு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் விடுதியிலும் இடம் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. சில ஊர்களில் பரிமாற்ற மாணவர்களுக்கென்று அறைகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த ஒதுக்கீடு பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் வழியாக நடக்கும். எனவே அவர்கள் அனுப்பும் படிவத்தில் விடுதி பற்றிய கேள்வியை நிரப்பாமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

விடுதி கிடைக்காதவர்கள் வே-கே எனப்படும் பகிர்வு வீடுகளில் ஓர் அறை தேட வேண்டும். ஒரு செமஸ்டருக்கு மட்டும் வருபவருக்கு மிகவும் பொருந்துவது ட்ஸ்விஷன்மீட்டே என்னும் இடைக்கால வாடகை: தானும் படிப்புக்காகச் சில மாதம் வெளியூர் செல்லும் ஒரு மாணவர், கட்டில், மேசை, சமையல் பாத்திரங்களோடு தன் அறையை உங்களிடம் விட்டுச் செல்வார். வாடகைத் தொகையைப் பார்க்கும்போது அது கால்ட்மீட்டேயா வார்ம்மீட்டேயா என்று கேளுங்கள். முதலாவது, இடத்துக்கான வாடகை மட்டும்; இரண்டாவதில் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை அகற்றல் போன்றவையும் சேர்ந்திருக்கும், ஆனால் மின்சாரமும் இணையமும் அதில் அடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கவுட்ஸியோன் என்னும் முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் கால்ட்மீட்டேயைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைக்காரருக்கு உரிமை உண்டு. அறையை நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ நேரில் பார்க்கும் முன் ஒரு யூரோவும் அனுப்ப வேண்டாம். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுபவர் மோசடிக்காரர் என்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்காரரிடம் மறவாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: "இந்த முகவரியில் நான் என் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாமா, அதற்கான சான்றைத் தருவீர்களா?" இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால், அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காரணம் சற்றுப் பின்னால் விளங்கும்.

அடுத்தது பணம். விசாவுக்கு உங்கள் வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அதுவே சான்றாகலாம். இல்லாதவர்கள் பொதுவாகத் திறப்பது ஷ்பெர்கோன்டோ எனப்படும் முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் இதற்கான அளவு மாதத்துக்கு 992 யூரோ, ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ. இந்தப் பணம் உங்களுடையதுதான் என்றாலும் மாதந்தோறும் பகுதி பகுதியாகத்தான் கைக்கு வரும். அதுவும் நீங்கள் ஜெர்மனிக்குச் சென்று நடப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் எண்ணைத் தெரிவித்த பிறகே. எனவே முதல் மாத வாடகை, முன்பணம், செமஸ்டர் கட்டணம் ஆகியவற்றுக்கான தொகையை முடக்கக் கணக்குக்கு வெளியே தனியாக வைத்திருக்க வேண்டும். இதை மறந்தவர்கள் தம் கணக்கில் பல ஆயிரம் யூரோ இருந்தும் அக்டோபர் வாடகைக்குக் கடன் கேட்க நேர்கிறது.

மூன்றாவது மருத்துவக் காப்பீடு. 30 வயது நிறையாத மாணவர்கள் அரசு சார்ந்த காப்பீட்டு நிறுவனங்களில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். கிராங்கன்காசே என்று இவற்றைச் சொல்வார்கள். நீங்கள் காப்பீடு பெற்றிருக்கும் செய்தியைக் கிராங்கன்காசே நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் அனுப்பும். அது போய்ச் சேரும் வரை உங்கள் சேர்க்கை நிறைவு பெறாது. விலை குறைந்த தனியார் காப்பீட்டை எடுத்துக்கொண்டு அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அந்த விலக்கை ஒருமுறை பெற்றால் படிப்புக் காலம் முழுவதும் திரும்பப் பெற முடியாது. அதே நாட்டில் முதுகலைக்குத் தொடரும் எண்ணம் சிறிதளவேனும் உள்ளவர் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். மேலும், மாணவர் காப்பீடு செமஸ்டரோடு சேர்த்துத்தான் தொடங்கும். செப்டம்பரிலேயே வந்து இறங்குபவர் இடைப்பட்ட நாள்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

நான்காவது, என்ன படிக்கப் போகிறீர்கள் என்பதைப் பதிவு செய்யும் லேர்னிங் அக்ரிமென்ட். உங்கள் கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம், நீங்கள் என மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் இது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்புச் சுமையை ஈசிடிஎஸ் (ECTS) என்னும் புள்ளிகளால் அளக்கும்; ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை என்பது 30 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் ஒரு பங்குதான். தேவைக்கு மேல் இரண்டு பாடங்களை மாற்றாக எழுதி, உங்கள் துறைத் தலைவரின் ஒப்புதலை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு ஒரு பாடம் நிரம்பிவிட்டது என்றோ, இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதுகின்றன என்றோ தெரிய வருவது இயல்பு.

வந்து இறங்கும் நாள்

விமானச் சீட்டு எடுக்கும்போது திங்கள் முதல் புதன் வரையிலான ஒரு நாளின் காலையில் இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இறங்கினேன். விடுதி அறையின் சாவி ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் காவலாளர்-பராமரிப்பாளரிடம் இருக்கும். அவருடைய அலுவல் நேரம் அன்று நண்பகலோடு முடிந்திருந்தது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைக் கைப்பேசி வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான், அடுத்து அவர் வருவது திங்கட்கிழமை என்பது புரிந்தது. மூன்று இரவு மலிவு விடுதியில் தங்கினேன். திங்களன்று கிடைத்த அறையில் கட்டிலும் மெத்தையும் இருந்தன. தலையணை, போர்வை, விரிப்பு எதுவும் இல்லை. அறைகலன் உள்ள அறை என்றால் மரச்சாமான் உண்டு என்றுதான் பொருள், படுக்கைத் துணி உண்டு என்று பொருள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும்; பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகள் போன்றவையே விதிவிலக்கு. அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள் என்பதால் நாடு முழுவதும் விடுமுறை. செமஸ்டர் தொடக்கத்தில் வருபவர்கள் இந்த நாளைக் கணக்கில் கொள்ளாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சாவி வாங்கும்போது அறையின் நிலையைக் குறிக்கும் படிவம் ஒன்றைத் தருவார்கள். சுவரில் உள்ள கீறல், மேசையில் உள்ள கறை என எல்லாவற்றையும் அதில் எழுதச் செய்து, அன்றே படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் முன்பணம் முழுதாகத் திரும்புமா என்பதை அந்தப் படங்கள்தாம் தீர்மானிக்கும்.

காகிதச் சங்கிலி

இனி வருவதுதான் இந்த வழிகாட்டியின் மையம். ஒவ்வொரு காகிதமும் அதற்கு முந்தைய காகிதத்தைக் கேட்கும். சங்கிலியின் முதல் கண்ணி அறை.

அறைக்குக் குடிபோனதும் வீட்டுக்காரரோ விடுதி நிர்வாகமோ வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங் என்னும் ஒரு பக்கச் சான்றில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இன்னார் இந்த நாளில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார் என்று வீட்டின் உரிமையாளர் தரப்பு சொல்லும் சான்று அது. வாடகை ஒப்பந்தம் இதற்கு மாற்றாகாது. இந்தச் சான்று, கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றோடு நகராட்சியின் பதிவு அலுவலகத்துக்குச் சென்று முகவரியைப் பதிவு செய்வதற்கு அன்மெல்டுங் என்று பெயர். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் இதைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெரிய நகரங்களில் அந்த இரண்டு வாரத்துக்குள் நேர முன்பதிவே கிடைக்காமல் போகலாம். ஆகவே முகவரி உறுதியானதும், கிளம்பும் முன்பே இணையத்தில் நேரம் பிடித்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் காலை அலுவலகம் திறக்கும் வேளையில் இணையதளத்தைப் பாருங்கள். பிறர் விட்டுக்கொடுத்த நேரங்கள் அப்போது வெளிவருவது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் முயன்றதற்கு அடையாளமாக முன்பதிவு உறுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே தரப்படும் பதிவுச் சான்றைக் கண்போல் காக்க வேண்டும். வங்கியும் வெளிநாட்டினர் அலுவலகமும் இதைக் கேட்கலாம். பதிவு முடிந்த சில வாரத்தில் 11 இலக்கம் கொண்ட வரி எண் தானாகவே தபாலில் வரும். பகுதிநேர வேலைக்குச் சேர அது வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சிறு காரியத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் குடும்பப் பெயர் தபால் பெட்டியில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் தபால்காரர் அறை எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தே போடுவார். என் பெட்டியில் எனக்கு முன் இருந்தவரின் பெயரே இரண்டு வாரம் ஒட்டியிருந்தது. வங்கி அட்டைக்கான ரகசிய எண், காப்பீட்டுக் கடிதம் என எனக்கு வந்தவை அனைத்தும் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயின. பக்கத்து அறைப் பெண் என் அஞ்சல் பெட்டியைப் பார்த்துவிட்டு, "உன் பெயர் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். அடுத்த நாளே கடிதங்கள் வரத் தொடங்கின. கடவுச்சீட்டில் உள்ள பெயர்களில் எது குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். தந்தை பெயரை அந்த இடத்தில் வைத்திருப்பவர்கள் பெட்டியில் அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முகவரிச் சான்று கைக்கு வந்ததும் வங்கிக் கணக்கு, அதன் பின் முடக்கக் கணக்கைத் திறந்துவிடும் கோரிக்கை. அதே வாரத்தில் சர்வதேச அலுவலகத்துக்குச் சென்று சேர்க்கையை முடியுங்கள். பரிமாற்ற ஒப்பந்தத்தில் வருபவருக்குக் கல்விக் கட்டணம் விலக்கப்பட்டிருந்தாலும், செமஸ்டர்பைட்ராக் எனப்படும் செமஸ்டர் பங்களிப்பைப் பொதுவாகக் கட்ட வேண்டியிருக்கும். அது வீண் செலவன்று. உணவகத்தையும் விடுதியையும் நடத்தும் ஷ்டுடீரெண்டன்வெர்க்குக்கான பங்கு, மாணவர் பேரவைக்கான பங்கு, பெரும்பாலான இடங்களில் போக்குவரத்து அட்டை ஆகியவை அதில் அடங்கும். ஒப்பந்தம் செய்துகொண்ட பல்கலைக்கழகங்களில் தரப்படும் டாய்ச்லாந்து செமஸ்டர் டிக்கெட்டின் விலை, நாடு தழுவிய மாதச் சீட்டின் விலையில் 60 விழுக்காடு. நாடெங்கும் உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது.

விசாவின் கடைசி நாளைத் தேதிப் பட்டியலில் முதலாவதாகக் குறித்து வையுங்கள். பரிமாற்றக் காலம் முழுவதற்கும் விசா தரப்பட்டிருந்தால் தொல்லை இல்லை. அதற்கு முன்பே முடிகிறது என்றால், முடியும் நாளுக்கு முன் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நேர முன்பதிவு கிடைக்கவில்லையே என்று காத்திருந்து காலாவதியாக விடாதீர்கள். விண்ணப்பத்தை மின்னஞ்சலிலோ இணையப் படிவத்திலோ முன்கூட்டியே அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். உரிய காலத்தில் விண்ணப்பித்தவர், முடிவு வரும் வரை சட்டப்படி தங்கலாம். அதற்கான இடைக்காலச் சான்றையும் கேட்டு வாங்கலாம்.

பதிவு முடிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். என்னிடம் தொலைக்காட்சியே இல்லை என்று பலர் அதைக் குப்பையில் போட்டு, பின்னர் அபராதத்தோடு கட்டுகிறார்கள். மாதம் 18.36 யூரோ என்பது ஆளுக்கு அன்று, வீட்டுக்கு. கருவி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. பகிர்வு வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய கட்டண எண்ணைத் தெரிவித்துவிடலாம். பொது நடைவழியிலிருந்து நேரே நுழையும் தனி விடுதி அறையோ தனி வீடாகவே கருதப்படும்.

காப்பீடுகளில் ஒன்றை விட்டுவிட்டேன். ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்னும் பொறுப்புக் காப்பீடு கட்டாயமில்லை, ஆனாலும் எடுங்கள். உங்களால் பிறருக்கு நேரும் சேதத்தை அது ஈடுகட்டும். விடுதிச் சாவிகள் பொதுவாக ஒரே பூட்டுத் தொகுதியைச் சேர்ந்தவை. ஒரு சாவி தொலைந்தால் பல பூட்டுகளை மாற்றும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். சாவி இழப்பும் அதில் அடங்குமா என்று கேட்டு எடுப்பது நல்லது.

வகுப்பறை

வகுப்பு அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் c.t. (சே.டே.) என்று இரண்டு எழுத்துகள் இருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும், s.t. (எஸ்.டே.) என்றிருந்தால் மணி அடித்தாற்போல் 10-க்கே தொடங்கும். லத்தீனிலிருந்து வந்த இந்தக் குறிப்புகளை யாரும் உங்களுக்கு விளக்க மாட்டார்கள். முதல் நாள் நான் காலியான அரங்கில் தனியாக அமர்ந்து, அறை மாறி வந்துவிட்டோமோ என்று மூன்று முறை வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். 10.12-க்கு மாணவர்கள் அமைதியாக வந்து நிரம்பினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பேராசிரியர் நன்றி சொல்லி முடித்ததும் அரங்கம் முழுவதும் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டியது. கூரையில் மழை இறங்குவதுபோல் இருந்தது. கைதட்டலுக்குப் பதிலாக இங்கே மேசையைத் தட்டுவார்கள், நீங்களும் தட்டலாம்.

பாடங்களின் வகை தெரிந்திருப்பது முக்கியம். ஃபோர்லேசுங் என்பது பெரிய அரங்கில் நடக்கும் சொற்பொழிவு. பெரும்பாலும் வருகைப் பதிவு இருக்காது. யூபுங் என்பது அதையொட்டிய பயிற்சி வகுப்பு. கணிதம், இயற்பியல், கணினி போன்ற பல துறைகளில் வாரந்தோறும் தரப்படும் பயிற்சித் தாள்களில் குறிப்பிட்ட அளவு மதிப்பெண் எடுத்தால்தான் இறுதித் தேர்வு எழுதவே அனுமதி. வருகைப் பதிவு இல்லை என்ற சுதந்திரத்தை நம்பி முதல் மூன்று தாள்களைக் கொடுக்காமல் விட்டவர் டிசம்பரில் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பள்ளத்தை நிரப்புவது கடினம். செமினார் என்பது 20, 30 பேர் கொண்ட சிறு வகுப்பு. அங்கே நீங்கள் பேச வேண்டும், உரை நிகழ்த்த வேண்டும், செமஸ்டர் முடிந்தபின் நீண்ட கட்டுரை எழுத வேண்டும். ஒரே செமஸ்டரில் மூன்று செமினார் எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மூன்று கட்டுரைகளும் மார்ச் மாதத்தில் ஒன்றாக வந்து நிற்கும்; அப்போது நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பேராசிரியரைச் சந்திக்க ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டே என்னும் சந்திப்பு நேரம் உண்டு. முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி நேரம் கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் உங்கள் பெயர், பாடத்தின் பெயர், மாணவர் எண், பரிமாற்ற மாணவர் என்ற செய்தி, கேள்வி என்ன என்பது ஆகியவை நான்கைந்து வரிக்குள் இருக்க வேண்டும். தயக்கத்தால் பலர் இந்த நேரத்தைப் பயன்படுத்துவதே இல்லை. எனக்கு அந்த நாட்டில் கிடைத்த மிக நல்ல பாடம் ஒரு சந்திப்பு நேரத்தில்தான் கிடைத்தது: தவறான விடையோடு போனேன்; பேராசிரியர் விடையைத் திருத்தாமல், எந்த வரியில் என் சிந்தனை திரும்பியது என்பதை அரை மணி நேரம் என்னிடமே கேட்டுக் கேட்டு வெளிக்கொணர்ந்தார்.

ஒவ்வொரு துறையிலும் ஃபாஹ்ஷாஃப்ட் என்னும் மாணவர் குழுவுக்கு ஓர் அறை இருக்கும். முதல் வாரத்திலேயே அங்கே சென்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள். முந்தைய ஆண்டுகளின் தேர்வுத்தாள்கள், எந்தப் பயிற்சி ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குவார் என்ற செய்தி ஆகிய அனைத்தும் அந்த அறையில் கிடைக்கும்.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்

வகுப்புக்குப் பெயர் கொடுத்தால் தேர்வுக்கும் பெயர் கொடுத்ததாகிவிடும் என்று எண்ணாதீர்கள். இரண்டும் வேறு வேறு. தேர்வுப் பதிவுக்கு இணையதளத்தில் குறிப்பிட்ட சில வாரம் மட்டுமே சாளரம் திறந்திருக்கும். எப்போது என்பது துறைக்குத் துறை மாறும். விடுதியில் என் மாடியில் குடியிருந்த ஒரு மாணவர் ஒரு வகுப்பையும் தவறவிடாதவர், எல்லாப் பயிற்சித் தாள்களையும் முடித்தவர். தேர்வு நாளன்று அரங்கின் கதவில் ஒட்டியிருந்த இருக்கைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. விரலை வைத்து மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். மேற்பார்வையாளர் பரிவோடு பேசினாலும் உள்ளே விடவில்லை. நான்கு மாத உழைப்புக்கு ஒரு புள்ளியும் சேரவில்லை. வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே தேர்வு அலுவலகத்தில் இந்தத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிமாற்ற மாணவர்களுக்குக் காகிதப் படிவம் வைத்திருக்கும் துறைகளும் உண்டு என்பதால், எனக்கு எந்த வழி என்று தெளிவாகக் கேளுங்கள்.

திரும்பும் விமானச் சீட்டைத் தேர்வுத் தேதிகள் தெரியும் முன் உறுதி செய்ய வேண்டாம். பல பாடங்களுக்கு இரண்டு தேர்வு நாள்கள் இருக்கும்: முதலாவது, வகுப்புகள் முடியும் காலத்திலும், இரண்டாவது, அதே செமஸ்டரின் கடைசியிலும். முதல் முறை தவறியவருக்கு இரண்டாவது நாள் கைகொடுக்கும், அவர் அந்த நாட்டில் இருந்தால். தேர்வன்று உடல்நலம் இல்லை என்றால் அன்றே மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். பின்னால் சொல்லும் காரணம் செல்லாது. மதிப்பெண் முறை தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சிக்கான எல்லை, 5.0 தோல்வி. உங்கள் கல்லூரி அதை எப்படி மாற்றிக் கணக்கிடும் என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அன்றாடம்

மதிய உணவுக்கு மென்சா என்னும் மாணவர் உணவகம்தான் மலிவு. மாணவர் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் போதும். பாட்டில்களை எறியாதீர்கள், ஒருமுறை பயன்படுத்தும் பெரும்பாலான பாட்டில், டின் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் ஈட்டுத்தொகை கடை இயந்திரத்தில் திரும்பக் கிடைக்கும். காகிதம், பொதி உறை, உணவுக் கழிவு, எஞ்சியவை எனக் குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும். எந்த நிறத் தொட்டி எதற்கு என்பது ஊருக்கு ஊர் சற்று மாறும் என்பதால் சமையலறையில் ஒட்டியுள்ள தாளைப் படியுங்கள். இரவு 10 மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும். பயணச் சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. காவல்துறைக்கு 110, தீயணைப்பு மற்றும் அவசர மருத்துவத்துக்கு 112, உயிருக்கு ஆபத்தில்லாத ஆனால் காலை வரை காத்திருக்க முடியாத நோய்க்கு 116117.

வேலை செய்ய விரும்புபவருக்கு, 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்பது வரம்பு. பரிமாற்றத்தில் வருபவர் கட்டாயம் இல்லையென்றால் வேலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். மாணவர்களோடு சமைக்கும் மாலையும், டான்டெம் என்னும் மொழிப் பரிமாற்றச் சந்திப்பும் அந்தச் சில நூறு யூரோவைவிடப் பெரியவை.

நவம்பர்

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன் பிறகு மாலை என்ற ஒன்று இல்லாமல் போகும்; டிசம்பரில் பெர்லினில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். தொடக்க வாரத்தின் பரபரப்பு அடங்கி, காகித வேலைகளும் முடிந்து, நண்பர்கள் இன்னும் நெருக்கமாகாத இடைவெளியில் இந்த இருட்டு வந்து சேர்கிறது. பலருக்கு மனம் தளர்வது அப்போதுதான். அதைத் தம் குறையாக எண்ணி அறைக்குள் முடங்குபவர்களைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. பகலில் வெளிச்சம் இருக்கும் ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள். வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே ஆட்களைச் சந்திக்கும் ஏதேனும் ஒன்றில் சேருங்கள்: பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பு, பாடகர் குழு, சமையல் கூட்டம், எதுவாயினும் சரி. ஒரே முகத்தை ஆறேழு வாரம் தொடர்ந்து பார்த்த பிறகுதான் அங்கே நட்பு மலர்கிறது; முதல் சந்திப்பில் அங்குள்ளவர்கள் காட்டும் விலகலை வெறுப்பு என்று கொள்ள வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ குலைந்தால் ஷ்டுடீரெண்டன்வெர்க்கின் உளவியல் ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள். மாணவர் பிரச்சினைகளைப் பார்ப்பதற்கென்றே அவர்கள் இருக்கிறார்கள். அங்கே பேசுவது வெளியே போகாது.

கிளம்பும்போது

வந்ததைப் போலவே போவதற்கும் வரிசை உண்டு. விடுதி ஒப்பந்தத்தில் முடிவு நாள் குறிக்கப்படவில்லை என்றால், எத்தனை வாரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதை டிசம்பரிலேயே பாருங்கள். நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாக நகராட்சியில் அப்மெல்டுங் என்னும் பதிவு நீக்கத்தைச் செய்யலாம். அந்தச் சான்றைக் காட்டித்தான் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்த வேண்டும்; காப்பீடு, கைப்பேசி ஒப்பந்தம் ஆகியவற்றுக்கும் அது கேட்கப்படலாம். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். முன்பணம் சாவியைக் கொடுத்த அன்றே திரும்பாது, சில மாதம் கூட ஆகலாம். மதிப்பெண் சான்று, நீங்கள் எழுதிய கடைசிக் கட்டுரை திருத்தப்பட்ட பிறகே வெளிவரும் என்பதால், சர்வதேச அலுவலகத்தில் ஊர் முகவரியையும் பல்கலைக்கழகத்தைச் சாராத உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு வாருங்கள். மாணவர் மின்னஞ்சல் சேர்க்கை முடிந்தபின் முடங்கிவிடலாம்.

சாவியை ஒப்படைக்கும் நேரத்தை ஹவுஸ்மைஸ்டரிடம் முன்னதாகவே கேட்டு வாங்கி, அதுவும் ஒரு வார நாளின் முற்பகலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எடுத்த படங்களைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு அவரோடு அறையைச் சுற்றி வாருங்கள். அவர் கையெழுத்திட்ட தாளின் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, தபால் பெட்டியில் ஒட்டிய உங்கள் பெயரையும் கிழித்து எடுத்துவிடுங்கள்.